நாலாம் குழி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டேன். நீயும் நம் வாலுப் பெண்ணும் எப்படி இருக்கிறீர்கள்? கிளம்பிய அன்று நீ மாடிப்படியில் நின்று இடது கையை ஆட்டினாய். வலது தோள் இன்னும் தூக்க வரவில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது. தையல் மெஷினை விட்டு மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து நட.

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஏழு மணி நேர நடை. பாதிக்கு மேல் மரமே கிடையாது. பாதை ஓர் ஆள் அகலம்தான். சாமான் எல்லாம் கோவேறு கழுதை முதுகில் ஏறுகிறது. ஒரு கழுதைக்கு இரண்டு மூட்டை சிமெண்ட். ஓட்டி வருகிறவர் தமாஷான மனுஷர். முன்னால் போகிற கழுதையை மருமகளே என்றுதான் கூப்பிடுவார், அடிக்கவே மாட்டார். "மருமகளே, கோவிச்சுக்காத, இன்னும் ஒரே ஒரு ஏத்தம்தான்" என்று வழி நெடுகக் கெஞ்சிக்கொண்டு வந்தார். அந்த ஒரே ஒரு ஏற்றம் பதினைந்து தடவை வந்தது.

வேலை, மின்கம்பி போகிற கோபுரத்துக்கு அஸ்திவாரம். கோபுரத்துக்கு நாலு கால், காலுக்கு ஒரு குழி. முன்பு யாரோ தொடங்கி நடுவில் நின்றுபோன வேலையாம். மூன்று குழி நன்றாகவே போட்டிருக்கிறார்கள். நாலாவதில் ஏதோ கோளாறு, இஞ்சினியர் வந்துதான் சொல்ல வேண்டும். எந்த மெஷினும் இந்த உயரத்துக்கு ஏறாது. ஜல்லி உடைப்பதிலிருந்து கலவை போடுவதுவரை எல்லாம் கைதான். தண்ணீருக்குக் கீழே ஓர் ஊற்று இருக்கிறது, முந்நூற்றுப் பதினோரு படி. படி என்றால் படி இல்லை, மிதித்து மிதித்துப் பள்ளமான இடங்கள்.

பதினாறு பேருக்கு ஒரு தகரக் கொட்டகை. காலையில் தொட்டித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி உறைந்திருக்கிறது, தட்டி உடைத்து முகம் கழுவுகிறோம். வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்தேன், அதைப் பார்த்து எனக்கு வாத்தியார் என்று பேர் வைத்துவிட்டார்கள். இப்போது எல்லோருடைய கடிதமும் என் தலையில். ஒருத்தன் பெண்டாட்டிக்கு ‘என் உயிரே’ என்று எழுதச் சொன்னான். எழுதியதும் வெட்கம் வந்து, அடித்துவிட்டு ‘சௌக்கியமா’ என்று போடச் சொன்னான்.

கழுதைக்காரர் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கடிதம் கொண்டுவந்து கொண்டுபோவார். கவலைப்படாதே. வாலுவின் காதை நான் திருகியதாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 21

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருந்தால் எனக்கு அதுவே போதும். தோள் அப்படியேதான். மேல்மாடித் தையல் கூடத்தில், காலர் தைக்கிற வரிசையில் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள், அவர்கள் பங்கும் என் மெஷினுக்கு வந்துவிட்டது. கீழே அச்சகத்தில் புது இயந்திரம் வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து நம் தரை அதிர்கிறது, மேஜையில் வைத்த டம்ளர் தானாக நகர்ந்து ஓரத்துக்கு வருகிறது. வாலு எதிரில் உட்கார்ந்து எப்போது விழும் என்று பந்தயம் கட்டுகிறாள். நாலாம் வகுப்பு வந்தும் பெருக்கல் வரவில்லை, வாய் மட்டும் நன்றாக வருகிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கழுதையை மருமகளே என்று கூப்பிடுகிற ஆள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? உன் மாமா கடைசியாகப் போன வேலையிலிருந்து எழுதிய கடிதங்களில் அந்த ஆள் வருகிறார். அதே கெஞ்சல், அதே ஏற்றம். மலையில் வேலை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். எந்த மலை என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போனவர் போய்விட்டார், தம்பி. ஆகஸ்ட் வந்தால் மூன்று வருஷம். அன்றைக்கு நீயும்தானே கண்ட்ராக்டர் ஆபீசுக்கு என்னோடு வந்தாய்? நோட்டைத் திருப்பிக் காட்டினார்கள். ‘ஆகஸ்ட் 19, தானே வேலையை விட்டுச் சென்றார்’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் இருந்தது. என்னை விட்டு ஓடிப்போன மனுஷனை, அவர் கடைசியாக நின்ற இடத்தில் போய்த் தேடினால் என்ன கிடைக்கும்? அடுத்த தடவை கழுதை இறங்கும்போது நீயும் இறங்கி வா.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு படுக்காதே.

அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுது. முதலில் என்னை மன்னித்துவிடு. நேரில் சொல்லியிருந்தால் நீ என்னை விட்டிருக்க மாட்டாய்.

ஆமாம், இது மாமா இருந்த இடம்தான், அதே கண்ட்ராக்டர்தான். வேலை மறுபடி தொடங்குகிறது என்று கேள்விப்பட்டதும் பேர் கொடுத்தேன். நான் அவருக்கு என்ன உறவு என்று இங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்து ஆட்களில் மேஸ்திரியும் கழுதைக்காரரும் மட்டும்தான் மிச்சம். மாமாவுக்கு இங்கே விசில் என்று பேராம். கம்பி கட்டும்போது பல்லிடுக்கில் விசில் அடித்துக்கொண்டே இருப்பாராம். வீட்டில் நீ அதற்குத் திட்டுவாயே, அதே பழக்கம்.

கழுதைக்காரரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். விசில் எப்போது இறங்கிப் போனார் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏத்திவிட்டது ஞாபகம் இருக்கு. இறக்கிவிட்டது ஞாபகம் இல்லையே" என்றார். அந்த ஆகஸ்டில் பத்து நாள் விடாத மழையாம். பதினேழாம் தேதியே வழியில் இருக்கிற ஓடையின் மரப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இருபத்திரண்டாம் தேதிவரை மேலேயிருந்து ஒருவரும் இறங்கவில்லை, கீழேயிருந்து ஒருவரும் ஏறவில்லை என்கிறார். அப்படியானால் பத்தொன்பதாம் தேதி மாமா எந்த வழியாகப் போனார்?

இஞ்சினியர் வந்துவிட்டார். சின்ன வயசு, வேலையில் கறார். நாலாம் குழியின் கான்கிரீட்டைச் சுத்தியால் தட்டினார், காலிப் பானை மாதிரி சத்தம். பக்கத்தில் தோண்டிப் பார்க்கச் சொன்னார். வரைபடத்தில் ஒன்பது அடி ஆழம் போட்டிருக்கிறது. இங்கே நாலரை அடியோடு கான்கிரீட் முடிந்துவிடுகிறது, கீழே வெறும் மண். முழுக்க உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே கொஞ்சம் பூசினால் போதும் என்று மூன்று நாளாக அவர் பின்னால் அலைந்தார்.

நாளை உடைக்கத் தொடங்குகிறோம். இறங்கி வரச் சொல்லாதே, அக்கா. இப்போது முடியாது.

உன் தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

பாலம் போனால் என்ன, போக நினைக்கிறவனுக்கு வழி இல்லாமலா போகும்? அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கடிதத்திலும் எழுத மாட்டேன். அவர் திரும்பி வராமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு மேல் கேட்காதே.

போன வாரம் வாலு என்னைத் துளைத்து எடுத்துவிட்டாள். அப்பா வேலை எப்போது முடியும், எல்லா வேலையும் முடியும்தானே, அவருடையது மட்டும் ஏன் முடியவில்லை என்று. அன்றைக்கு இருநூறு காலர் தைத்துவிட்டு வந்திருந்தேன். "உங்க அப்பா நம்மள விட்டுட்டு ஓடிப்போயிட்டார்" என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அதனால் நீ அங்கே எதையும் கிளறாதே. எங்களுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு நாங்கள் வாழ்ந்துவிடுவோம்.

அக்கா


மே 9

அன்புள்ள அக்கா,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

நீ சொன்ன அந்தக் காரணத்தை எனக்கு எழுத வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன்.

ஒரு மாதமாக உடைக்கிறோம். ஒருவன் உளியைப் பிடிக்க வேண்டும், ஒருவன் சம்மட்டியால் அடிக்க வேண்டும். நல்ல கான்கிரீட் என்றால் மூன்று மாதம் ஆகியிருக்கும். இது மழையில் போட்டது. சிமெண்ட் பாலாகக் கரைந்து ஓடி, ஜல்லி தனித்தனியாகக் கிடக்கிறது. சில இடத்தில் கையாலேயே பிய்கிறது. ஒரு கொத்தனாராகப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. யாருக்கு என்ன அவசரம், மழை விட்ட பிறகு போட்டால் என்ன என்று திட்டிக்கொண்டே உடைத்தேன்.

முந்தாநாள் உள்ளே இருந்த கம்பிக்கூடு முழுசாக வெளியே தெரிந்தது. ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்தேன். எல்லாக் கட்டுக்கம்பியும் இடது பக்கமாகத் திருகியிருந்தது. இடதுகைக்காரன்தான் அப்படித் திருகுவான். மாமாவுக்கு எந்தக் கை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கூடு கான்கிரீட்டோடு முடியவில்லை, கீழே மண்ணுக்குள் இறங்குகிறது. ஒன்பது அடிக்கும் கூடு கட்டிவிட்டு, பாதிக்கு மண்ணைக் கொட்டி, மேலே கலவை ஊற்றுகிற மேஸ்திரி யாராவது உண்டா? அவரிடமே கேட்டேன். எழுந்து போய்விட்டார். இப்போதெல்லாம் அவர் குழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருகிறார். சாப்பாட்டுத் தட்டைத் தொட்டுவிட்டு வைத்துவிடுகிறார்.

இன்னும் ஒரு முழ உயரம் கான்கிரீட் இருக்கிறது. அப்புறம் மண்.

உன் தம்பி


மே 24

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. வாலு பள்ளிக்கூடம் போன பிறகு படி.

மாமா ஓடிப்போகவில்லை. ஒரு நாளும் உங்களை விட்டுப் போகவில்லை. இங்கேயேதான் இருந்தார்.

இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி முற்பகல் கான்கிரீட் முடிந்து, நான் மண்வெட்டியோடு இறங்கினேன். மேஸ்திரி குழி ஓரத்துக்கு வந்தார். மற்றவர்களை எல்லாம் தண்ணீர் எடுக்க அனுப்பினார். பிறகு என்னிடம் சொன்னார்.

"வாத்தியாரே, மண்வெட்டி வேண்டாம். கையால எடு."

ஏன் என்று கேட்டேன்.

"ஆள் இருக்கு" என்றார்.

மண்வெட்டியைக் குழிக்கு வெளியே வைத்தேன். அவர் குந்தி உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஆகஸ்டில் நாலாம் குழி மட்டும்தான் பாக்கியாம். மழை ஊறி ஊறிக் குழியின் பக்கமெல்லாம் இளகிக் கிடந்தது. பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்று மாமா சொல்லியிருக்கிறார். பலகை மேலே வந்து சேரவில்லை, ஒரு வரிசைதானே பாக்கி, கட்டிவிட்டு ஏறு என்று மேஸ்திரி இறக்கிவிட்டார். தூறலில் மாமா இறங்கிக் கடைசி வரிசையைக் கட்டும்போது மேல்பக்கம் அப்படியே சரிந்துவிட்டது. ஒன்பது பேர் பொழுது சாய்கிறவரை தோண்டியிருக்கிறார்கள். இரண்டாவது தடவையும் சரிந்தது. இன்னொரு ஆளையும் இழக்க முடியாது என்று மேஸ்திரி எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டார். வெள்ளம் வடிந்ததும் கண்ட்ராக்டர் வந்து பார்த்தார். இது வெளியே தெரிந்தால் வேலையே போய்விடும் என்று, மிச்சக் குழியை அன்றைக்கே மூடச் சொன்னார். மறுபடி பிடித்துக்கொண்ட மழையில் கலவை போட்டார்கள். நோட்டில் மாமாவின் கையெழுத்தைப் போட்டது மேஸ்திரிதான். எங்கே வாயைத் திறந்தாலும் மாட்டுகிறவன் நீதான் என்று கண்ட்ராக்டர் அவரை மிரட்டி வைத்திருந்தார். இப்போது மறுபடி அனுப்பியதும் நாலாம் குழியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

இன்னொன்றும் சொன்னார். உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எழுதுகிறேன். "ரெண்டு நாளா லீவு கேட்டான். வீட்டுக்குப் போகணும், போயே ஆகணும்னு நின்னான். பாலம் இருந்தப்போதான் கேட்டான். நாலாம் குழி முடிச்சுட்டுப் போடான்னு நான்தான் நிறுத்தி வெச்சேன்." மாமா உங்களிடம் வரத்தான் துடித்துக்கொண்டிருந்தார், அக்கா.

நான் அவர் பெண்டாட்டியின் தம்பி என்று சொன்னேன். மேஸ்திரி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. குழிக்குள் இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை எடுக்கத் தொடங்கினார். சாயங்காலம்வரை இரண்டு பேரும் எடுத்தோம்.

உடனே உயிர் போய்விட்டதாம். ஒன்றும் தெரிந்திருக்காது.

இஞ்சினியர் போலீசுக்குச் சொல்லக் கீழே போயிருக்கிறார். மாமாவைத் தனியாக விட்டுவிட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை.

தம்பி


ஜூன் 14

அன்புள்ள அக்கா,

நீயும் வாலும் எப்படி இருக்கிறீர்கள்? கழுதைக்காரர் இரண்டு தடவை வந்தார், உன் கடிதம் இல்லை. பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

ஆறாம் நாள் போலீஸ் வந்தது. கண்ட்ராக்டரும் கூடவே வந்தார். குழியை எட்டிப் பார்த்துவிட்டு, நான் வந்தபோது மூடிக் கிடந்தது, இந்த மேஸ்திரி என்னிடமே மறைத்துவிட்டான் என்று கூசாமல் சொன்னார். மேஸ்திரி மறுத்துச் சொன்னார். அவர் பக்கம் சாட்சி சொல்ல அன்றைக்கு இருந்த ஆட்களில் ஒருவர் இல்லை, எல்லோரும் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். கழுதைக்காரர் மட்டும் பாலம் போன தேதியைச் சொல்லிக் கைநாட்டு வைத்தார். நான் கேட்டதை எல்லாம் நானும் எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

மாமாவைத் தார்ப்பாயில் சுற்றிக் கழுதை மேல் வைத்து இறக்கினார்கள். இந்தத் தடவை கழுதைக்காரர் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மேஸ்திரியின் கையைக் கட்டிப் பின்னால் நடத்திப் போனார்கள். கண்ட்ராக்டர் குடை பிடித்துக்கொண்டு முன்னால் போனார்.

இன்னொரு அதிகாரி வந்து இடத்தைப் பார்க்க வேண்டுமாம். அதுவரை நான் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவார்கள். தனியாகப் போகாதே. ஒரு வரியாவது எழுது.

தம்பி


ஜூலை 1

தம்பிக்கு,

நலமா என்று கேட்டே பழகிய கை. நலமா?

எழுதவில்லை என்று கோபிக்காதே. காகிதத்தை எடுத்தால் உன் பேருக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போனேன். யாரைக் கூட்டிப் போவது, மூன்று வருஷமாக எல்லோரிடமும் ஓடிப்போனவர் என்று சொல்லிவிட்டு? ஒரு மேஜையில் எடுத்து வைத்திருந்தார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சட்டை மட்கிவிட்டது. காலர் மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே வைக்கிற விறைப்புத் துணி மண்ணில் மட்காது, நூலும் மட்காது. இரண்டு முனையிலும் இரட்டைத் தையல். எங்கள் கூடத்தில் ஒற்றைத் தையல்தான் போட வேண்டும், நேரம் போகிறது என்று திட்டுவார்கள். அவர் சட்டைக்கு மட்டும் இரண்டு போடுவேன். இது என்னுடையது என்றேன். ஆளையா சட்டையையா என்று அதிகாரி கேட்டார்.

காரியங்களை முடித்துவிட்டேன். வாலுக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. நான் வேலை நேரத்தில் வீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறாள்.

மூன்று வருஷம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன், தம்பி. ஒரு நாள் விடாமல். காலையில் எழுந்து கதவைத் திறக்கும்போதே தொடங்கிவிடுவேன்.

ஒன்றே ஒன்று மட்டும் சொல். உடனே உயிர் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். உடனேயா?

அக்கா


ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்கா,

நான் நலமாக இருக்கிறேன். உன் தோளையும் வாலுவையும் பார்த்துக்கொள்.

நாலாம் குழி முடிந்தது. அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. நான் இறங்கி வந்திருக்கலாம், வரவில்லை. கோபுரத்தின் கால் இருக்கிற இடத்தை மாற்ற முடியாது, அதே இடத்தில்தான் போட வேண்டும் என்றார் இஞ்சினியர். அந்தக் குழிக்குள் இறங்க ஒருவனும் சம்மதிக்கவில்லை. நான் இறங்குகிறேன், ஆனால் நாலு பக்கமும் பலகை அடித்து முட்டுக் கொடுத்த பிறகுதான் என்றேன். பலகை வரப் பன்னிரண்டு நாள் ஆனது. காத்திருந்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை.

கலவை போட்ட அன்று விடிகிற நேரத்தில் தொடங்கினோம். தொடங்கினால் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் காய்ந்ததும் புதியதும் ஒட்டாது. அகலமான இரும்புத் தகட்டில் முதலில் மணலைப் பரப்பி, மேலே சிமெண்டைக் கொட்டி, நிறம் ஒன்றாகிறவரை மூன்று புரட்டு. அப்புறம் ஜல்லியைச் சேர்த்து, நடுவில் கிணறு மாதிரி பள்ளம் பண்ணித் தண்ணீர் விட்டு, இன்னும் மூன்று புரட்டு. தண்ணீரை நானே அளந்து கொடுத்தேன். கலவையைக் கையில் எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் வழியக் கூடாது. மொத்தம் அறுபத்து நாலு மூட்டை. நாலு பேர் புரட்ட, மூன்று பேர் தண்ணீருக்கு ஏறி இறங்க, மற்றவர்கள் வரிசையாக நின்று சட்டி சட்டியாகக் கைமாற்றினார்கள். அளந்து கொடுக்கிற வேலையை ஒருவனுக்குப் பழக்கிவிட்டு, நான் குழிக்குள் இறங்கினேன்.

உள்ளே கம்பிக்கூட்டுக்கு நடுவில் நின்று, விழுகிற கலவையை இரும்புக் கம்பியால் குத்திக்கொண்டே இருந்தேன். மூலைக்கு மூலை குத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்றுப் பொந்து விழும். கலவை ஏற ஏற நானும் அதன் மேல் ஏறினேன். முதலில் வானம் ஒரு ஜன்னல் அளவுதான் தெரிந்தது. மத்தியானத்துக்கு மேல் ஆட்களின் கால் தெரிந்தது, அப்புறம் முழங்கால். சிமெண்ட் பட்டுப் பாதம் எல்லாம் வெந்துவிட்டது, இப்போது ஆறிவருகிறது.

நடுவில் தண்ணீர் தூக்குகிற ஒருத்தன் களைப்புத் தெரியாமல் இருக்க விசில் அடித்தான். நிறுத்தச் சொன்னேன். நான் போட்ட சத்தத்தில் வரிசை முழுக்க நின்றுவிட்டது, கையில் சட்டியோடு. பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

பொழுது சாய்வதற்குள் தரைமட்டத்துக்கு வந்துவிட்டோம். மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன், ஒரு நூல்கூடப் பிசகவில்லை. மறுநாளிலிருந்து ஈரச்சாக்கைப் போர்த்தித் தண்ணீர் விடுகிறேன். இருபத்தோரு நாள் விட வேண்டும். தட்டிப் பார்த்தால் இப்போதே கல் மாதிரி சத்தம் வருகிறது.

கண்ட்ராக்டரையும் பிறகு பிடித்தார்களாம், ஆனால் ஜாமீனில் வந்துவிட்டார். மேஸ்திரி உள்ளேதான். விசாரணைக்கு எப்போது கூப்பிட்டாலும் நான் போய்ச் சொல்வேன்.

வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி


ஆகஸ்ட் 21

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

பாதத்துக்கு எண்ணெய் தடவு. வெறுங்காலோடு கலவையில் நிற்கிற கொத்தனாரை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. நாலு பக்கம் எழுதி, எத்தனை மூட்டை, எத்தனை புரட்டு என்று எல்லாம் சொல்லிவிட்டு, அதை மட்டும் விட்டுவிட்டாய். விசில் அடித்தவனை நிறுத்தச் சொன்னதையும் எழுதியிருக்கிறாய். போதும். மண்ணுக்குள்ளிருந்து அவர் விசில் எவ்வளவு நேரம் கேட்டது என்று கேட்க மாட்டேன். நீ மலையைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்பது என் முகத்தைப் பார்க்கப் பயந்து என்று எனக்குத் தெரியும். இனி ஒரு நாளும் கேட்க மாட்டேன், பயப்படாமல் வா.

எழுத மாட்டேன் என்று சொன்னதை இப்போது எழுதுகிறேன். அந்த ஆகஸ்டில் வாலுக்குக் காய்ச்சல் கண்டு பதினோரு நாள் இறங்கவில்லை. அவள் ஆறு வயசு. இரண்டு கடிதம் போட்டேன், அவர் வரவில்லை. அங்கே மழை என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது கடிதத்தில், ‘குழந்தை பிழைத்துவிட்டது, இனி நீங்கள் வர வேண்டாம், வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன், எங்களுக்கு நீங்கள் இல்லை’ என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டுத்தான் போய்விட்டார் என்று மூன்று வருஷம் நினைத்திருந்தேன். நான் சொன்னேன், அவர் கேட்டுவிட்டார் என்று. இரண்டு நாளாக லீவு கேட்டார் என்று நீ ஆறுதலாக எழுதினாயே, அந்த வரியை என்னால் இன்னும் முழுசாகப் படிக்க முடியவில்லை. என் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கேட்டிருப்பார். லீவு கிடைக்கவில்லை என்றதும் என்ன நினைத்துக்கொண்டு அந்தக் குழியில் இறங்கினாரோ.

போன சனிக்கிழமை வாலுவை எதிரில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தையும் மறைக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பா லீவு கேட்டாரா?" என்றாள். கேட்டார் என்றேன். "குடுக்கலையா?" என்றாள். இல்லை என்றேன். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

ஐந்து நாள் ஆகிறது, என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள், தலையை வாரிவிட்டால் நிற்கிறாள். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், அச்சகத்து ஆட்கள், கூடத்திலிருந்து வருகிற பெண்கள், யாராக இருந்தாலும் நிறுத்தி, யாரும் கேட்காமலே சொல்கிறாள். "எங்கப்பா ஓடிப்போகலை. லீவு குடுக்கலை."

நான் கூடத்துக்குள்ளே மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குப் பதினான்கு பேரிடம் சொன்னாள்.

தண்ணீர் விடுகிற நாள் முடிந்ததும் கிளம்பு. உன்னிடமாவது பேசுவாள்.

அக்கா